அய்லி ராவ்டியோவும் வாசித்துக் காட்டும் பத்திரிகையும்

அய்லி ராவ்டியோவின் முகத்தை அறியாதவர்கள் அயர்ன் ஹார்பரில் இருக்கலாம். குரலை அறியாதவர்கள் கிடையாது. மாவட்டம் போன்ற கவுண்டியின் சாலைத்துறையில் வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்து, பனி வாரும் லாரிகளை இந்த ரோட்டுக்குப் போ, அந்த ரோட்டை அப்புறம் பார் என்று விரட்டியே வயதானவள் அவள். அந்த அலைவரிசையை வீட்டில் ஒட்டுக் கேட்கிற வழக்கம் ஊரில் பலருக்கு உண்டு. இன்று பள்ளிக்கூடம் இருக்குமா இருக்காதா என்பதை வானிலை அறிக்கையைவிட அய்லியின் குரல் தடிப்பதை வைத்தே கண்டுபிடிப்பார்கள். ஓட்டுநர்கள் நடுவில் வம்பளக்க ஆரம்பித்தால் புகுந்து வெட்டிவிடுவாள். "கதையெல்லாம் ஷெட்டுக்கு வந்து பேசிக்கங்க. இப்போ பிளேடை இறக்கு."

வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். கணவன் டொய்வோ போய்ச் சேர்ந்தான். இரண்டையும் தாங்கிக்கொண்டாள். கண் போனதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

முழுக்கப் போயிருந்தால்கூட ஒரு தீர்மானத்துக்கு வந்திருப்பாள். இது அப்படி இல்லை. சுற்றிலும் எல்லாம் தெரிந்தது. நேராக எதைப் பார்த்தாளோ அது மட்டும் தெரியவில்லை. கண்ணாடியில் யாரோ ஈரக் கட்டைவிரலை அழுத்தி இழுத்தது போல நடுவில் ஒரு கறை. ஒருவர் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அவர் காதைப் பார்க்க வேண்டியிருந்தது. அடுப்பு, கதவு, பனிப்பாதை எல்லாவற்றையும் ஓரக்கண்ணாலேயே சமாளிக்கப் பழகிவிட்டாள். பத்திரிகையை மட்டும் ஓரக்கண்ணால் வாசிக்க முடியவில்லை.

உள்ளூர்ப் பத்திரிகைக்கு 'கூரியர்' என்று பெயர். அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசிப்பவள் அய்லி. முதலில் பொடி எழுத்து அரசு அறிவிப்புகள், பிறகு கவுண்டியை நிர்வகிக்கும் போர்டு கூட்டத்தின் செய்தி, அப்புறம் இறந்தவர்கள், கடைசியில்தான் முதல் பக்கம். தலைப்புச் செய்தியாக வரும்போது எல்லாம் முடிந்துபோயிருக்கும், பொடி எழுத்தில் இருக்கும்போதே பிடித்தால்தான் உண்டு என்பது அவள் கட்சி.

இப்போது அதை அவளுக்கு வாசித்துக் காட்டுவது கொரின் லாமோத். இரண்டு வீடு தள்ளி இருப்பவள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். தினமும் காலையில் பத்திரிகையோடு வந்து, அய்லி சுட்டு வைத்திருக்கும் ஏலக்காய் ரொட்டியில் பாதியைத் தீர்த்துக்கொண்டே வாசிப்பாள்.

"'எல்மர் செஃப்டன், செவ்வாய்க்கிழமை தமது இல்லத்தில் அமைதியாக உயிர் நீத்தார்.' அமைதியாவாம். அந்த மனுஷன் ஒரு நாளாவது அமைதியா இருந்து நீ பாத்திருக்கியா? எங்க சித்தப்பாகிட்ட ஒரு தடவை படகு விஷயமா..."

"கொரின், பேப்பர்ல என்ன போட்டிருக்கு?"

"அதைத்தானே சொல்றேன்."

"நீ உங்க சித்தப்பாவைச் சொல்ற."

"அவரு கதை தெரிஞ்சாத்தான்டி இது புரியும்."

இப்படி ஒரு பக்கம் முடிவதற்குள் காபி ஆறிவிடும். அய்லிக்கு உள்ளுக்குள் குமையும். உதவி செய்கிறவளைக் கோபித்துக்கொள்ளவும் முடியாது. கொரின் எதை வாசிக்கிறாள், எதைத் தாண்டுகிறாள் என்பது தன் கையில் இல்லை என்பதே அய்லியை அரித்தது.

அந்த விளம்பரத்தை வாசித்ததும் கொரின்தான். இனி கூரியர் கணினியிலும் வருமாம். ஒரு வட்டு அனுப்புவார்கள், அதை ஏற்றிக்கொண்டால் பத்திரிகை அச்சில் இருப்பது போலவே பக்கம் பக்கமாகத் திரையில் விரியும். எழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம். பழைய இதழ்களும் உள்ளேயே இருக்கும். விரும்பினால் அதுவே வாசித்துக் காட்டும்.

"திரும்ப வாசி" என்றாள் அய்லி.

"எதை?"

"கடைசி வரியை."

கொரின் வாசித்தாள். குரலில் உற்சாகம் குறைந்திருந்தது. "அப்போ நான் எதுக்கு?" என்றாள்.

"நீ காபி குடிக்க வா. யாரு வேணாம்னா?"

டொய்வோ உயிரோடு இருந்தபோது வாங்கிய கணினி ஒன்று சமையலறை மூலையில் இருந்தது. மீன்பிடிக்கப் போகும் முன் காற்று எப்படி என்று பார்ப்பதற்காக வாங்கினான். அய்லி அதன் மேல் போட்டிருந்த துணியை எடுத்து உதறினாள்.

பெட்டி தபாலில் வந்தது. நல்ல கெட்டி அட்டை. மேலே ஒரு கிழவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்த படம், கொரின் சொன்னபடி. வட்டைப் போட்டாள், இயந்திரம் முனகியது, எழுத்துகள் வந்தன. கணினி எழுத்தைப் பெரிதாக்கும் வித்தை அய்லிக்குத் தெரியும். மூக்கு திரையில் படுகிற தூரத்தில் பக்கவாட்டில் பார்த்து ஒவ்வொரு வார்த்தையாகக் கூட்டினாள். ஆக்டிவேஷன் எண் கேட்டது. அந்த எண் பெட்டிக்குள் இருக்கும் அட்டையின் பின்புறம் அச்சிடப்பட்டிருக்கிறது என்றது.

எண் அச்சிடப்பட்டுத்தான் இருந்தது. வெளிறிய சாம்பல் நிறத்தில், ஒரு அரிசியில் எழுதுவது போல. பார்வை குறைந்தவர்களுக்கு என்று விற்கிற பொருளின் பூட்டுக்குச் சாவியை இப்படி வைத்தவனை அய்லி தன் தாய்மொழியான ஃபின்னிஷில் இரண்டு வார்த்தை சொன்னாள். பூதக்கண்ணாடியை எடுத்தாள், ஜன்னலோரம் போனாள், விளக்கடியில் போனாள். எட்டா, பி-யா? பூஜ்யமா, ஓ-வா? அவளாக ஒன்றை முடிவு செய்து அடித்தாள். தவறு என்றது. மாற்றி அடித்தாள். தவறு. மறுபடி மாற்றினாள். இனி முயற்சி செய்ய அனுமதியில்லை, உதவி எண்ணை அழைக்கவும் என்று சொல்லித் திரை கையைக் கட்டிக்கொண்டது.

உதவி எண்ணில் வெகுநேரம் புல்லாங்குழல் ஊதியது. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு பெண்குரல் அவ்வப்போது வந்து சொல்லிவிட்டுப் போனது. கடைசியில் ஓர் ஆண்குரல். பிரெண்டன் என்று சொல்லிக்கொண்டான்.

"மேடம், இப்போ உங்க ஸ்கிரீன்ல ஒரு நீளமான நம்பர் வந்திருக்கும். அதைக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க."

"எனக்கு அது தெரியல."

"நடுவுல இருக்கும் மேடம்."

"நடுவுலதான் எனக்குத் தெரியாது. எனக்குக் கண்ணு சரியில்ல. அதுக்குத்தான் தம்பி இதை வாங்கினேன்."

"புரியுது மேடம். ரொம்ப வருத்தமா இருக்கு. அந்த நம்பரை மட்டும் வாசிச்சிட்டீங்கன்னா..."

அய்லி போனை வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது.

மறுநாள் கொரின் வந்தபோது திரை முழுவதும் மூக்குத் தடம். "என்னடி இது, முத்தம் குடுத்துப் பாத்தியா?" என்று கேட்டவள், அய்லியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். மறுபடி புல்லாங்குழல். இந்த முறை வேறொரு குரல். கொரின் எண்களை ஒவ்வொன்றாக வாசிக்க, அய்லி போனில் அவற்றைத் தன் பழைய வயர்லெஸ் தோரணையில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். எதிர்முனைக்காரன் ஒரு தடவைகூடத் திரும்பக் கேட்கவில்லை. பதிலுக்கு அவன் சொன்ன எண்ணைக் கொரின் ஒரு விரலால் அடித்தாள். 'ஆக்டிவேட் செய்யப்பட்டது' என்று வந்தது.

"முடிஞ்சுதுடி" என்றாள் கொரின்.

முடியவில்லை. அடுத்து, நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்க இந்தப் படத்தில் இருக்கும் எழுத்துகளை அடிக்கவும் என்றது. எழுத்துகள் குடித்துவிட்டு ரோட்டில் கிடப்பது போல ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கிடந்தன. நல்ல கண் உள்ள கொரினுக்கே அவை புரியவில்லை.

"இது 'டபிள்யூ'வா, ரெண்டு 'வி'யா?"

"என்னைக் கேக்கறியா?"

"நான் மனுஷியே இல்லைங்குது பாரு."

ஏழெட்டுப் படம் மாறிய பிறகு அதுவும் தாண்டியது. உடனே, புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று தானாக எதையோ இறக்கிக்கொண்டு, அணைந்து, மறுபடி உயிர்பெற்று, 'இந்தப் பிரதி வேறொரு கணினியில் பயன்பாட்டில் உள்ளது' என்றது. வீட்டில் இருந்தது ஒரே கணினி. கொரின் குனிந்து மேசைக்கு அடியில்கூடப் பார்த்தாள்.

அந்த வாரம் முழுக்க இதே பாடு. வட்டை அனுப்பிய நிறுவனத்துக்காரர்கள் பத்திரிகை அலுவலகத்தைக் கேட்கச் சொன்னார்கள். கூரியர் அலுவலகத்தில் சந்தா பார்க்கும் க்ளென், "நாங்க பேப்பர் மட்டும்தாங்க குடுக்கறோம், அதை வாசிச்சுக் காட்டற ரீடர் அவங்களோடது, அவங்களைத்தான் நீங்க கேக்கணும்" என்றான். "அவங்க உன்னைக் கேக்கச் சொன்னாங்க" என்றதற்கு, "அவங்க எல்லாரையும் அப்படித்தாங்க சொல்றாங்க" என்றான். அவன் குரலிலும் அலுப்பு இருந்தது. அய்லிக்கு அவனைத் திட்டவும் மனம் வரவில்லை.

பிறகு ஒரு நாள் காலையில், யாரும் எதுவும் செய்யாமலே, அது திறந்துகொண்டது.

அன்று கொரின் ஊரில் இல்லை. பேரக்குழந்தை பிறந்திருக்கிறது என்று கிரீன் பே நகரத்துக்குப் போயிருந்தாள். அய்லி எதிர்பார்ப்பு இல்லாமல் பொத்தானைத் தட்டினாள். ஓர் ஆண்குரல், மூச்சு விடாத குரல், "கூரியர். இன்றைய இதழ்" என்றது.

அவள் காபியை ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கச் சொன்னாள். அது ஆரம்பித்தது. எந்தச் சித்தப்பாவும் குறுக்கே வரவில்லை. ஊர்க்காரர்களின் பெயர்களை அது கொலை செய்தது. ராவ்டியோ என்ற பெயரை ரேடியோ என்றது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நிலவரி பாக்கி, கிணறு தோண்ட அனுமதி, டயர் கடையின் தள்ளுபடி, தேவாலயத்தின் மீன் விருந்து, எல்லாவற்றையும் கேட்டாள். யாரிடமும் கெஞ்சாமல், யாருக்கும் நன்றி சொல்லாமல், பத்திரிகை அவளிடம் வந்திருந்தது. பட்ட பாடெல்லாம் இதற்குத் தகும் என்று அந்தக் காலையில் அவளுக்குத் தோன்றியது.

கவுண்டி போர்டு செய்தி வந்தது. முட்டுச்சாலைகளைப் பற்றியது. வேறெங்கும் போகாமல் காட்டுக்குள்ளோ ஏரிக்கரையிலோ போய் முடியும் சாலைகளில் பனி வாருவதைக் கடைசி வேலையாக்கிவிடலாம் என்று போர்டு உறுப்பினர் வெண்டல் ட்ரெவாரோ யோசனை சொல்லியிருந்தார். அதை எதிர்த்து அய்லி போர்டுக்குக் கடிதம் எழுதியிருந்தாள். அந்தச் சாலைகளின் கோடியில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு ஆம்புலன்ஸ் தேவைப்படும் என்பது அவளுக்குத் தெரியும். போன மாதக் கூட்டத்தில் அது வாசிக்கப்பட்டது என்பது வரை கொரின் சொல்லியிருந்தாள்.

இயந்திரக் குரல் வாசித்தது: "'திருமதி ரேடியோவின் கடிதம் பற்றி என் கருத்தைப் போன மாதமே கூறிவிட்டேன்' என்றார் ட்ரெவாரோ. இதுகுறித்துப் பொது விசாரணை நடத்தப்படும். தேதி அறிவிப்புப் பகுதியில் பின்னர் வெளியாகும்."

போன மாதம் என்ன சொன்னார்?

பழைய இதழ்களைத் தேடிப் பிடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆனது. கிடைத்ததும் அதே குரல், அதே தட்டையான சுருதியில் வாசித்தது: "'அந்த அம்மாளுக்குத் தம் வீட்டுச் சமையலறையிலிருந்து தபால் பெட்டி வரை கண் தெரியாது. ரோட்டுக்கு அவரிடம் வழி கேட்கும் நிலையில் நாம் இல்லை என்று நினைக்கிறேன்' என்றார் ட்ரெவாரோ. அவையில் சிரிப்பு."

'அவையில் சிரிப்பு' என்பதையும் அது டயர் தள்ளுபடி போலவே சொன்னது. அய்லி அதை மறுபடி வாசிக்கச் சொன்னாள். இன்னொரு தடவையும்.

ட்ரெவாரோ அப்படிப் பேசக்கூடியவர் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த இதழை இதே மேசைமுன் உட்கார்ந்து வாசித்தது கொரின். அந்த இடம் வந்தபோது அவள் மூச்சுகூடத் தடுமாறவில்லை. சித்தப்பா கதைகளை ஊர் உலகத்துக்கெல்லாம் சொல்கிறவள், இதை விழுங்கிவிட்டு ரொட்டி எடுத்துக் கடித்திருக்கிறாள். ஊரே வாசித்துச் சிரித்திருக்கிறது. கடையில், சர்ச்சில், வங்கியில் அய்லியைப் பார்த்த ஒவ்வொருவரும் அதை அறிந்தே பேசியிருக்கிறார்கள். அவள் ஒருத்திதான் ஒரு மாதமாக ஒன்றும் தெரியாமல் உலவியிருக்கிறாள்.

கொரின் கிரீன் பேயிலிருந்து குழந்தையின் படங்களோடு வந்தாள். அய்லி கதவைத் திறந்துவிட்டுக் கணினியைத் தட்டினாள். குரல் அந்த வரிகளை வாசித்து முடிக்கும் வரை இருவரும் நின்றுகொண்டே இருந்தார்கள்.

"உன் மனசு நோகக் கூடாதேன்னுதான்டி" என்றாள் கொரின்.

"நான் உன்கிட்ட மனசைப் பாத்துக்கன்னு சொன்னேனா? பேப்பரை வாசின்னு சொன்னேன்."

"கேட்டிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"என்னமோ பண்ணியிருப்பேன். அது என் பாடு. கண்ணுதான் போச்சு, நான் கொழந்தையா ஆயிட்டேன்னு நீயும் முடிவு பண்ணிட்ட. அவன் சபையில சொன்னான், நீ என் வீட்டுக்குள்ளயே செஞ்சு காட்டிட்ட."

கொரின் படங்களைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "சரி. உனக்கு உன் மெஷின் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

மெஷின் இரண்டு வாரம் இருந்தது. அப்புறம் ஒரு பனிப்புயலில் மின்சாரம் போய், வந்து, மறுபடி போய், கணினியின் உள்ளே ஏதோ கருகியது. கடைக்காரன் ஒரு பாகத்தை மாற்றிக் கொடுத்தான். எல்லாம் பழையபடி வேலை செய்தது, ரீடர் மட்டும் தவிர. 'இது வேறொரு கணினி என்று தெரிகிறது. மீண்டும் ஆக்டிவேட் செய்யவும்' என்றது. பழைய எண்ணை அடித்தாள். அதுதான் இப்போது மனப்பாடம். 'இந்த எண்ணுக்குரிய அனுமதிகள் தீர்ந்துவிட்டன.'

புல்லாங்குழல். பிறகு ஒரு பெண்.

"மேடம், ஒரு நம்பருக்கு ரெண்டு தடவைதான் ஆக்டிவேஷன். நீங்க ரெண்டையும் யூஸ் பண்ணிட்டீங்க."

"நான் ஒரு தடவைதாம்மா பண்ணேன். இன்னொண்ணு உங்க மெஷின் தானா பண்ணிக்கிச்சு."

"எங்க ரெக்கார்ட்ல ரெண்டுன்னு காட்டுது மேடம்."

"கம்ப்யூட்டர் அதே கம்ப்யூட்டர். அதே மேஜையில இருக்கு. அதே பூனை அது மேல படுத்திருக்கு."

"சிஸ்டம் அதை வேற கம்ப்யூட்டரா எடுத்துக்குது மேடம். புது நம்பர் வேணும்னா எங்க வெப்சைட்ல ஒரு வேண்டுகோள் போடுங்க. ரீடர் மூலமா உள்ள போயிட்டு, கீழ வலது பக்க ஓரத்துல சின்னதா..."

"ரீடர்தான் திறக்கலயே."

அந்தப் பெண், "வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?" என்று கேட்டாள்.

இருபத்தெட்டு வருடம் வயர்லெஸ்ஸில் இருந்தவளுக்கு, எதிரே ஆள் இல்லாத அலைவரிசை எப்படி இருக்கும் என்று தெரியும். இதில் ஆள் இருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. போனை மெதுவாகவே வைத்தாள். கணினியின் மேல் பழைய துணியைப் போட்டு மூடினாள். பூனை அதன் மேல் மறுபடி ஏறிப் படுத்தது.

விசாரணைத் தேதி என்றைக்கு என்று தெரியவில்லை. கவுண்டி அலுவலகத்துக்குப் போன் செய்தாள். "இன்னும் முடிவாகலைங்க. பேப்பர்ல நோட்டீஸ் வரும், பாத்துக்கங்க" என்றாள் அங்கிருந்த பெண். சில நாள் கழித்து மறுபடி கேட்டாள். அதே பதில். மூன்றாம் முறை கேட்க ரோஷம் இடம் கொடுக்கவில்லை. தினமும் வாசலில் வந்து விழும் பத்திரிகையை எடுத்து, பொடி எழுத்துப் பக்கத்தை ஜன்னலில் ஒட்டினாற்போல் பிடித்து, பூதக்கண்ணாடியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். 'பொது' என்ற வார்த்தையைப் பிடிப்பதற்குள் தலை சுற்றியது. பிடித்தபோது அது பொதுக் கழிப்பறை ஒப்பந்தமாக இருந்தது.

ஒரு காலையில் கதவு தட்டப்பட்டது. திறந்தாள். வாசலில் நின்ற உருவத்தின் காதைப் பார்த்தாள். கொரின். அய்லி ஜன்னலோரம் பத்திரிகையோடு போராடியது அவள் கண்ணில் பட்டிருக்க வேண்டும். உள்ளே வரவில்லை. பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டு, ஏற்ற இறக்கம் இல்லாத குரலில் வாசித்தாள்.

"'பொது விசாரணை அறிவிப்பு. கவுண்டி சாலைகளில் பனி அகற்றும் முன்னுரிமை வரிசையைத் திருத்துவது தொடர்பாக, வரும் செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு, கவுண்டி கட்டடத்தின் இரண்டாம் மாடியில்.' அவ்வளவுதான் போட்டிருக்கு. நான் ஒண்ணும் சேக்கல, ஒண்ணும் விடல."

பத்திரிகையை மடித்தாள். காற்று பனித்தூளை வாசலுக்குள் அடித்தது.

"கதவைச் சாத்து, வீடு ஜில்லுன்னு ஆகுது" என்றாள் அய்லி.

"உள்ள இருந்து சாத்தவா, வெளிய இருந்து சாத்தவா?"

"உள்ள இருந்துதான். என்ன கேள்வி இது."

மன்னிப்பு கேட்டுக்கொண்டதாக இருவருக்கும் நினைவில்லை. அன்று கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கம் வரை கொரின் வாசித்தாள். ஒரு வரி விடவில்லை. கருத்து சொல்ல வேண்டியிருந்தால் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை இருவரும் போனார்கள். அறையில் பாதி நாற்காலிகள் காலி. பேச விரும்புகிறவர்கள் மைக் முன்னால் வந்து நிற்க வேண்டும். அய்லி கொரினின் முழங்கையைப் பிடித்து நடந்து போய், அங்கே கையை விட்டுவிட்டாள். மேசையின் பின்னால் வரிசையாகக் காதுகள்.

"மிஸ்டர் ட்ரெவாரோ, நீங்க சொன்னது சரிதான். எனக்குத் தபால் பெட்டி வரைக்கும் கண்ணு தெரியாது. ஆனா பிர்ச் க்ரீக் ரோட்டுக் கோடியில இருக்கிற ஓஸ்கர் நியெமிக்கு ஆக்சிஜன் சிலிண்டர் வாரம் ரெண்டு தடவை வண்டியில வருது. அது எனக்குத் தெரியும். பழைய மர மில் ரோட்டுல ஒரு கர்ப்பிணிப் பொண்ணு இருக்கா..."

குரல் பழைய குரலாகத்தான் வந்தது. அறையில் யாரோ தொண்டையைச் செருமிக்கொள்வதை நிறுத்தினார்கள். சாலை சாலையாகச் சொல்லிக்கொண்டே போனாள். ஏரிக்கரைச் சாலை, கல்குவாரிச் சாலை. பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் குரல் சுருங்கிச் சிறியதானது. மைக் அணைக்கப்பட்டிருந்தது.

"நேரம் முடிஞ்சுதுங்க" என்றாள் செயலாளர். "மஞ்சள் லைட்டும் போட்டோம், செவப்பும் போட்டோம்."

மைக்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்குப் பெட்டி இருந்ததாம். பச்சை, மஞ்சள், சிவப்பு.

பின்வரிசையிலிருந்து கொரின் எழுந்தாள். "அவளுக்கு அந்த லைட்டு தெரியாதுன்னு உங்க எல்லாருக்குமே தெரியும். பேப்பர்லயே போட்டிருந்துதே. சிரிப்புன்னுகூடப் போட்டிருந்துது."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ட்ரெவாரோ தாள்களை அடுக்கினார்.

"எல்லாருக்கும் மூணு நிமிஷம்தாங்க. ஒருத்தருக்குன்னு விதியை மாத்த முடியாது" என்றார்.

"விதியை மாத்த வேணாம் வெண்டல்" என்றாள் அய்லி, மைக் இல்லாமலே, கடைசிச் சுவர் வரை கேட்கும்படி. அதுவரை இருந்த 'நீங்க' எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது. "ரோட்டை வாரு."

அன்று முடிவெடுக்கவில்லை. விஷயம் ஒத்திவைக்கப்பட்டது. காரில் வரும்போது கொரின் இது வெற்றிதான் என்றாள். ஒத்திவைப்பு என்றால் எல்லாரும் மறக்கும் வரை ஆறப்போடுவது என்று சாலைத்துறையில் வேலை பார்த்த அய்லிக்குத் தெரியும்.

ரீடர் சந்தாவை நிறுத்த அவள் எடுத்த முயற்சி தனிக்கதை. நிறுத்துவதற்கு ரீடருக்குள் போய்த்தான் நிறுத்த வேண்டுமாம். ரீடருக்குள் போக ஆக்டிவேஷன் வேண்டும். கடைசியில் க்ளென்தான், தன் வேலை இல்லை என்று ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டே, யாரிடமோ பேசி நிறுத்தினான். அதற்குப் பிறகும் ஒவ்வொரு மாதமும் நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது, உங்களை மீண்டும் வரவேற்கக் காத்திருக்கிறோம் என்று. கொரின் அதையும் ஒரு வரி விடாமல் வாசித்தாள்.

மே மாதம், பனியெல்லாம் உருகி, பனி வாருவதைப் பற்றி யாரும் நினைக்காத ஒரு வாரத்தில், போர்டு முட்டுச்சாலைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. விவாதம் இல்லை. சில்லறைத் தீர்மானங்களோடு ஒரே கைதூக்கலில் போய்விட்டது. கூரியரில் ஆறாம் பக்கத்தில் இரண்டு வரி. கொரின் வாசித்தாள். வாசித்துவிட்டுப் பத்திரிகையைக் கீழே வைக்காமல் அப்படியே பிடித்திருந்தாள்.

"இன்னொரு தடவை வாசி" என்றாள் அய்லி.

வாசித்தாள். அய்லி எழுந்து போனை எடுத்தாள். கவுண்டி அலுவலகத்தின் எண்ணுக்கு அவளுக்குக் கண் தேவையில்லை. அடுத்த கூட்டத்தில் பேசுவதற்குப் பெயர் கொடுக்க வேண்டும் என்றாள்.

"எதைப் பத்திப் பேசப் போறீங்கன்னு எழுதணும்ங்க" என்றாள் அங்கிருந்த பெண்.

"முட்டுச்சாலை."

"சரிங்க. மூணு நிமிஷம்."

"அப்புறம் கண்ணு தெரியாதவங்களுக்கு நோட்டீஸ் எப்படித் தெரியப்படுத்துவீங்கங்கறது. அது வேற விஷயம், அதைத் தனியா எழுதிக்கம்மா. அதுக்கு ஒரு மூணு நிமிஷம்."

எதிர்முனையில் பேனா கிறுக்குகிற சத்தம் கேட்டது. அய்லி காத்திருந்தாள். "அப்புறம்," என்றாள், "பேச்சு நேரம் முடிஞ்சா எப்படிச் சொல்றதுங்கறதைப் பத்தி. அதையும் தனியா எழுது."